மூன்று பவுன்

என் தந்தையைப் பெற்ற பாட்டியிடம் மூன்று பவுன் காசுகள் இருந்தன. அவரை நாங்கள் அப்பாயி என்று அழைப்போம். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டின் அடுப்பங்கரைச் சுவரையொட்டி ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பழைய ரொட்டி டின். அதற்குள் ஒரு சுருக்குப் பை. அந்தப் பையின் அடியில் அந்த மூன்று காசுகள். ஆண்டுக்கொரு முறை, தைப்பொங்கலுக்கு முதல்நாள், அவற்றை வெளியே எடுப்பார். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் இட்டு நன்றாகத் தேய்ப்பார். மஞ்சள் துணியில் துடைத்துச் சாமி படத்தின் முன் வைப்பார். ஒரு பக்கத்தில் அரசர் தலை. மறுபக்கத்தில் குதிரைமீது அமர்ந்து பாம்பைப் போன்ற ஏதோ ஒன்றை வெட்டும் வீரன். அப்பாயிக்கு அது 'குதிரைக்காரன் காசு'. அவ்வளவே அவர் அறிந்தது. நானும் அவ்வளவே அறிந்திருந்தேன் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த குறை.

அந்தக் காசுகள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தது 1885ஆம் ஆண்டில். போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது. பாரத் தேயிலைத் தோட்டம் 1933இல் தோன்றியது. காட்டை வெட்டிச் சரிவுகளைத் திருத்திக் கன்று நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். என் பாட்டனாரும் அப்பாயியும் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து, தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை வழியாக, 1930களில் மலைக்கு வந்து சேர்ந்தனர். கொழுந்து பறிப்பது அப்பாயியின் வேலை. முதுகில் கூடை, காலில் அட்டை, தலைக்குமேல் பனி.

1906இல் நீரிணைக் குடியேற்ற வெள்ளியின் மதிப்பைப் பிரிட்டிஷ் பவுனோடு பிணைத்தார்கள். அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன் என்பது கணக்கு. அதாவது ஒரு பவுனுக்கு எட்டு வெள்ளி ஐம்பத்தேழு காசு. 1920களின் இறுதியில் மலாயாவின் பல ரப்பர்த் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு பெண் உண்ணாமல் உடுக்காமல் இருபத்தொரு நாள் உழைத்தாலும் ஒரு பவுனுக்குச் சில காசு குறையும். 1931இல் பிரிட்டன் பொன்நிலையைக் கைவிட்ட பின்னர்ப் பவுனின் விலை ஏறியதேயன்றி இறங்கவில்லை. கூட்டுச் சீட்டுப் போட்டும், கோழி வளர்த்தும், ஒரு வேளைச் சோற்றைக் குறைத்தும் அப்பாயி மூன்று பவுன் சேர்த்தார். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை பிறந்த ஆண்டில் வாங்கியது என்று சொல்லுவார்.

சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் புழங்கின. போர் முடிந்ததும் அவை வெறுங்காகிதமாயின. மூட்டையாக வைத்திருந்தவர்கள் அழுதார்கள். அப்பாயியின் மூன்று காசுகளோ அடுப்பு மண்ணுக்குள் புதைந்திருந்து, போருக்குப் பின் மறுபடியும் பூந்திக்கொட்டை நீரில் குளித்தன. இதை அவர் நூறு முறை சொல்லியிருப்பார். பொன்னின்மேல் எங்கள் குடும்பத்திற்கு இருந்த நம்பிக்கை நூலில் படித்து வந்ததன்று.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த காலம். 1991ஆம் ஆண்டு. என் தந்தையாருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் கையிருப்பு இல்லை. அப்பாயி சுருக்குப் பையை அவிழ்த்து இரண்டு காசுகளை என் உள்ளங்கையில் வைத்தார். "கொண்டுபோய்ப் போட்டுட்டு வா, தம்பி. உங்கப்பன் எழுந்து நடந்தாப் போதும்" என்றார். கீழ்நாட்டு நகரொன்றில் நகைக்கடை ஒன்றுக்குச் சென்றேன். கடைக்காரர் இரண்டையும் சேர்த்துத் தராசில் இட்டார். கல்லில் உரசிப் பார்த்தார். தேய்மானம் என்று சிறிது கழித்தார். நானூறு வெள்ளிக்குச் சற்று மேல் எண்ணிக் கொடுத்தார். பிறகு அவற்றை, உருக்கப்போகும் பழைய வளையல்களும் அறுந்த சங்கிலிகளும் கிடந்த தட்டில் போட்டார். அந்த ஓசை இன்றும் என் செவியில் உள்ளது. தந்தையார் பிழைத்தார். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆகவே விற்றதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஆனால், கடைக்குப் போகும் பேருந்தில் பொழுது போகாமல் அக்காசுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில், குதிரையின் கீழே, ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்கு மேல், கடுகை விடச் சிறிய ஓர் எழுத்து இருந்தது. ஆங்கில 'எஸ்' எழுத்து. ஆண்டு 192 என்று தொடங்கியது. நான்காவது இலக்கம் என் நினைவில் இல்லை. அந்த எழுத்து என்ன என்று யாரையும் கேட்கவும் இல்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2016இல், என் மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, நானும் என் துணைவியாரும் அவளைப் பார்க்கச் சென்றோம். அவள் எங்களைப் பெர்த் தங்கசாலைக்கு அழைத்துச் சென்றாள். (நாணயம் அடிக்கும் இடத்தைத் தங்கசாலை என்பது பழைய தமிழ் வழக்கு, சென்னையில் அப்பெயரால் ஒரு தெருவே உண்டு.) 1899இல் திறக்கப்பட்ட கற்கட்டடம் அது. அங்கே 2011இல் வார்த்த ஒரு தங்க நாணயத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். எடை ஓராயிரத்துப் பன்னிரண்டு கிலோ, குறுக்களவு ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர், முகத்தில் கங்காரு. அதைக் கண்டு எல்லாரும் வியந்து நின்றனர். நான் வியந்தது வேறோர் இடத்தில். சுவரோரக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் 'குதிரைக்காரன் காசு' இருந்தது. அருகில் இருந்த விளக்கத்தைப் படித்தபோதுதான் என் காசுகள் எந்த ஊரில் பிறந்தவை என்பதை அறிந்தேன்.

1851இல் ஆஸ்திரேலியாவில் பொன் வேட்டை தொடங்கியது. தோண்டிய பொன்னைக் கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பி, அங்கே காசாக்கி, மீண்டும் வரவழைப்பது காலமும் செலவும் பிடித்த வேலை. ஆகவே பிரிட்டிஷ் அரச தங்கசாலையின் கிளை ஒன்று 1855இல் சிட்னியில் திறக்கப்பட்டது. 1872இல் மெல்போர்னிலும் 1899இல் பெர்த்திலும் கிளைகள் எழுந்தன. எடை, மாற்று இரண்டும் இலண்டன் பவுனைப் போன்றவையே. எடை 7.988 கிராம், இருபத்திரண்டு மாற்று, அதிலுள்ள தூய பொன் 7.322 கிராம். நம்மவர் எட்டுக் கிராமை ஒரு பவுன் என்று சொல்வதற்கு இக்காசே மூலம். எந்தச் சாலையில் அடித்தது என்று காட்ட மட்டும் ஒரு சிற்றெழுத்து. சிட்னிக்கு 'எஸ்'; மெல்போர்னுக்கு 'எம்'; பெர்த்துக்குப் 'பி'. பம்பாயிலும் 1918ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் பவுன் அடித்தார்கள், அதற்கு 'ஐ'. ஆஸ்திரேலியப் பவுன்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குச் சென்றன. தமிழ்நாட்டுப் பெண்களின் காசுமாலைகளில் கோத்த காசுகளுள் இத்தீவுக் கண்டத்தின் பொன் எவ்வளவோ! சிட்னிச் சாலை 1926இல் மூடப்பட்டது. மற்ற இரண்டும் 1931இல் பவுன் அடிப்பதை நிறுத்தின.

மறுநாள் நகரில் பழைய நாணயம் விற்கும் கடை ஒன்றைத் தேடிச் சென்றேன். முதியவர் ஒருவர் இருந்தார். 'எஸ்' எழுத்து, 192 எனத் தொடங்கும் ஆண்டு என்று நான் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை நோக்கினார். "நான்காவது எண் என்ன?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். ஓர் ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வது போலவே சொன்னார்.

1925ஆம் ஆண்டுச் சிட்னிப் பவுன் ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் விலை பொன்னின் விலையைவிடச் சிறிதளவே மிகுதி. 1921, 1922, 1923 ஆகிய ஆண்டுகளுக்குரியவை அரியவை. பொன் விலையைப்போலப் பல மடங்கு பெறும். 1926உம் எளிதில் கிடைப்பதன்று. 1920ஆம் ஆண்டுச் சிட்னிப் பவுனோ உலகப் பவுன்களுள் மிக அரியவற்றுள் ஒன்று. ஒரு பெரிய வீட்டை வாங்கக்கூடிய தொகைக்கு அது ஏலம் போகும். இத்தனைக்கும் எல்லாவற்றிலும் உள்ள பொன் ஒன்றே. தராசுக்கு 1920உம் 1925உம் தெரியாது.

என் காசு எந்த ஆண்டினது? புழக்கத்தில் எது மிகுதியோ அதுவே என் கைக்கு வந்திருக்கும் என்று கொள்வதுதான் முறை. பெரும்பாலும் அது 1925ஆக இருந்திருக்கும். அப்படியானால் இழப்பு ஒன்றுமில்லை. ஆயினும் 'இருந்திருக்கும்' என்பதற்கும் 'இருந்தது' என்பதற்கும் இடையே ஓர் இலக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவன், தன் கையிலிருந்த எழுத்தையும் எண்ணையும் படிக்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். காசு போனதைவிட இதுவே என்னை உறுத்துகிறது.

அன்று தொடங்கி இத்துறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். பொன்னின் விலைக்கு மேல் ஒரு நாணயம் பெறும் மிகைவிலை எதனால் உண்டாகிறது என்பதை என்போன்ற எளிய மக்களும் அறிந்திருத்தல் நல்லது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

குறைவாக அடிக்கப்பட்ட காசு அரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. 1920ஆம் ஆண்டில் சிட்னிச் சாலையின் பதிவேடு காட்டும் எண்ணிக்கை மூன்றரை லட்சத்திற்கு மேல். அது சிறிய எண்ணன்று. ஆனால் இன்று உலகில் காணக்கிடைப்பவை கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலவே. ஆகவே எத்தனை பிறந்தன என்பதைவிட எத்தனை பிழைத்தன என்பதே முக்கியம். 1852இல் அடிலெய்டு நகரில் அடித்த பவுனும் அவ்வாறே. இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் அடித்தார்கள். அதன்மேல் பொறித்த மதிப்பைவிட உள்ளிருந்த பொன்னின் மதிப்பு மிகுதியாயிருந்தமையால், பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். பொன் மிகுந்திருந்ததே அக்காசுக்குக் கேடாயிற்று. உருக்குலையிலிருந்து தப்பிய சிலவற்றுக்கு இன்று பொன்னின் விலையை யாரும் கணக்கிடுவதில்லை.

அடுத்தது காசின் நிலை. தேயாமல், கீறலின்றி, அடித்த நாளின் பொலிவோடு இருப்பதற்கு ஒரு விலை; தேய்ந்ததற்கு வேறு விலை. துலக்கித் தேய்த்த காசைச் சேகரிப்பாளர் விரும்புவதில்லை. கொக்கி பற்றவைத்த காசோ பொன் விலைக்குத்தான் போகும். இதைக் கேட்டபோது அப்பாயியின் பூந்திக்கொட்டை நீர் என் நினைவுக்கு வந்தது. அன்பினால் செய்த காரியம் விலையைக் குறைத்திருக்கிறது! அதை எண்ணி நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

மூன்றாவது, விரும்புவார் வேண்டும். இங்கே பிரிஞ்சாங்கில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பெர்த் சாலை 1996 முதல் சீன ஆண்டு விலங்குகளைப் பொறித்து வெளியிட்ட தங்க நாணயங்களைச் சேர்த்து வருகிறார். அவற்றுள் ஓர் அவுன்சு நாணயத்திற்கு முதல் இரு வரிசைகளிலும் ஆண்டொன்றுக்கு முப்பதாயிரம் என்பது உச்சவரம்பு. எல்லா விலங்குக்கும் வரம்பு ஒன்றே. ஆனால் டிராகன் ஆண்டுக் காசுக்கு உள்ள மிகைவிலை மற்ற விலங்குகள் பலவற்றுக்கு இல்லை. "ஆடு ஆண்டில் பிறந்தவனும் டிராகனைத்தான் கேட்கிறான், சிக்கு" என்று நண்பர் சிரிப்பார். எண்ணிக்கை சமமாயினும் ஆசை சமமாவதில்லை.

ஆகவே 'குறைந்த எண்ணிக்கை வெளியீடு' என்று அழகிய பெட்டியில் வைத்து விற்கும் புதுக் காசுகளை வாங்குவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். வாங்கும் நாளிலேயே பெருந்தொகை மிகையாகக் கொடுத்துவிட்டால், விற்கும் நாளில் அம்மிகை திரும்பி வருமா என்பது பிறர் விருப்பத்தைப் பொறுத்தது. பொன்னை மட்டும் சேமிக்க எண்ணுவோர்க்கு அது தேவையில்லை. நம் நாட்டில் பேங்க் நெகாரா 2001ஆம் ஆண்டு சூலையில் வெளியிட்ட 'கிஜாங் எமாஸ்' போன்ற முதலீட்டுக் காசுகள் பொன் விலையை ஒட்டியே நடப்பவை. சேமிப்பு வேறு, சேகரிப்பு வேறு. முன்னதற்குத் தராசு போதும். பின்னதற்குப் படிப்பு வேண்டும். இன்னொன்றும் உண்டு. பொன் விலை ஏறும்போது சாதாரணக் காசுகளின் மிகைவிலை சுருங்குகிறது. 2025ஆம் ஆண்டில் ஓர் அவுன்சு பொன் முதலில் மூவாயிரம் அமெரிக்க டாலரையும், ஆண்டு முடியுமுன் நாலாயிரத்தையும் தாண்டியது. அத்தகைய காலத்தில் பழங்காசுகள் படிக்கப்படாமலே உருக்குலைக்குப் போகும் வாய்ப்பு மிகுதி. இன்றும் ஏதோ ஒரு கடையில் அந்தத் தட்டு இருக்கத்தான் செய்யும்.

அப்பாயி 1998இல் மறைந்தார். மூன்றாவது காசு என்னிடம் வந்தது. அதை ஒருமுறை பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். ஆறாம் ஆண்டு மாணவர் ஒன்பது பேர். அறிவியல் பாடத்திற்கு வைத்திருந்த மின்தராசில் நிறுத்தோம், 7.95 கிராம். பின்னர் மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம், 0.45 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பதினேழரைக்குச் சற்று மேல். செம்பு ஒன்பதுக்குக் கீழ், வெள்ளி பத்தரை, தூய பொன் பத்தொன்பதுக்கு மேல் என்று கரும்பலகையில் எழுதினேன். "அப்படின்னா இது பொன்னும் கொஞ்சம் செம்பும் சேர்ந்தது, சார்" என்றான் ஒருவன். (இச்சோதனை பொன்னைக் காட்டுமேயன்றி, காசு மெய்யானது என்று காட்டாது. 1950களிலும் 60களிலும் பெய்ரூத்தில் நல்ல பொன்னாலேயே போலிப் பவுன் செய்தார்கள். அதைக் கண்டறியப் பயின்ற கண் வேண்டும். இதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.) பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, "இக்காசு எந்த ஊரில் பிறந்தது, கண்டுபிடியுங்கள்" என்றேன். கடைசி வரிசையில் அமர்ந்து வாய் திறவாத ஒரு சிறுமி, கொழுந்து பறிப்பவரின் மகள், நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "எம் இருக்கு, சார். 1914" என்றாள். இலக்கம் நான்கையும் படித்தாள்.

1914ஆம் ஆண்டு மெல்போர்ன் பவுன். பரவலாகக் கிடைப்பது. போதாக்குறைக்கு, என் அத்தையின் கழுத்தில் பதக்கமாகத் தொங்கிய காலத்தில் கொக்கி பற்றவைத்து எடுத்த தழும்பு விளிம்பில் இருக்கிறது. சேகரிப்பாளர் எவரும் பொன் விலைக்கு மேல் ஒரு வெள்ளியும் தரமாட்டார். உண்மையை உள்ளபடியே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியையும் இங்கே நினைக்கிறேன். நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. நூற்றைம்பதுக்குக் குறைந்த மாணவர் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பது கல்வித் துறையின் வழக்கு. எங்கள் பள்ளி அவற்றுள் ஒன்று. தோட்டத்துத் தமிழர் கீழ்நாட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். கொழுந்து பறிக்கும் கைகளுள் பல இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவை. கூட்டங்களில் சிலர், "சிலரே எஞ்சியிருக்கிறோம், ஆகவே அரியவர்கள்" என்று பேசுகின்றனர். கைதட்டலும் கிடைக்கிறது. காசு கற்பித்த பாடம் எனக்கு அந்த ஆறுதலைத் தரவில்லை. குறைந்திருப்பது மட்டும் ஒன்றைச் சிறப்பிக்காது. அது பழுதுபடாமல் இருக்க வேண்டும், வேண்டுமென்று கேட்பாரும் இருக்க வேண்டும். ஒன்பது பிள்ளைகளையும் நான்கு இலக்கத்தையும் படிக்கும் பிள்ளைகளாக்குவதே என் வேலை. மற்றதைப் பெற்றோர் முடிவு செய்வர்.

வரும் தை மாதம் என் தங்கை மகளுக்குத் திருமணம். "அந்தப் பழங்காசை உருக்கித் தாலிக்குச் சேர்த்துவிடலாமே, அண்ணே. விலையில்லாததுதானே" என்று தங்கை கேட்டாள். அவள் சொல்வதில் தவறில்லை. கணக்கு அவள் பக்கமே இருக்கிறது. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். பிறகு என் சேமிப்பிலிருந்து தாலிக்குப் பொன் வாங்கிக் கொடுத்தேன். காசை உருக்காமல் ஒரு சிறு பெட்டியில் இட்டு மணமகளுக்கே கொடுக்க எண்ணியுள்ளேன். பெட்டிக்குள் ஒரு தாளும் வைத்திருக்கிறேன். அதில், காசு அடித்த ஊர், ஆண்டு, எடை, அதை வாங்கிய பெண்ணின் பெயர், அவள் பெற்ற கூலி, விளிம்பிலுள்ள தழும்பின் காரணம், இதைத் தேய்க்கக் கூடாது என்னும் எச்சரிக்கை எல்லாம் எழுதியிருக்கிறேன். கீழே, மற்ற இரண்டு காசுகளைப் பற்றியும் குறித்திருக்கிறேன்: அவற்றால் அவளுடைய தாத்தா பதினெட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார், அவற்றுள் ஒன்று சிட்னியில் அடித்தது, ஆண்டு 192 என்று தொடங்கும்.

நான்காவது இலக்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.